வண்டி ஏன் வரலைன்னு யாருகிட்ட கேக்குறது? நீலகிரி தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்துல, முக்கியமா நம்ம கூடலூர் பந்தலூர் பக்கம், அரசாங்கத்தோட அக்ரிமென்ட் போட்டு மருத்துவ வண்டி, மாலை நேர டியூஷன் சென்டர், முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம்னு எடுத்து நடத்துற ட்ரஸ்ட், சொசைட்டி, ஃபவுண்டேஷன் நிர்வாகிகள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் பந்தலூர் பக்கத்துக்காரன். எங்க தாத்தா பாட்டி 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து கப்பல் ஏத்தி விட்ட குடும்பம், நான் பொறந்து வளந்ததெல்லாம் டான்டீங்கிற அரசு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல. இப்ப சொந்தமா ஒரு ஜீப் ஓட்டுறேன். அதுக்கு முன்னாடி சில வருஷம் உங்கள மாதிரி ஒரு ட்ரஸ்ட்டுல மருத்துவ வண்டி டிரைவரா இருந்தேன். எந்த ட்ரஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன், கமென்ட்ல வந்து கேக்காதீங்க. அங்க இருக்கிறவங்க நல்ல மனுஷங்க, இப்பவும் வழியில பாத்தா நிறுத்தி சேட்டன் கடையில டீ வாங்கி குடுப்பாங்க, நான் சொல்லப்போறது அவங்க ஒருத்தரோட பிரச்சனையும் கிடையாது.

அக்ரிமென்ட் முடிஞ்சதும் மருந்து வண்டி ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லாம நின்னு போறதை பத்தி தான் எழுதுறேன். இதெல்லாம் கலெக்டருக்கு எழுத வேண்டியது தானேன்னு என் தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டார். கலெக்டருக்கு எழுதணும்னா திங்கக்கிழமை மனு நாள் இருக்கு, முதல்வரின் முகவரி இருக்கு, 1100க்கு போன் பண்ணலாம், ஒண்ணும் நடக்கலன்னாலும் ஒரு மனு நம்பராவது கைக்கு வரும். உங்களுக்கு எழுதணும்னா என்ன வழி? உங்க சேவையில ஒரு குறைன்னா மக்கள் எங்க போய் சொல்லணும், எந்த நம்பருக்கு கூப்பிடணும், யாரு பதில் சொல்லுவாங்க? எனக்கே தெரியல, நான் உங்ககூட வேலை பாத்தவன். அதான் இப்படி பொதுவுல எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிக்கிறேன், தொண்டு நிறுவனம்னாலே ஃபாரின் காசு தின்ற கூட்டம்னு டீக்கடையில பேசுற ஆள் நான் இல்ல. இந்த மலையில அரசாங்கம் எட்டிப்பாக்காத காலத்துல யாரு வந்தாங்கன்னு எங்களுக்கு தெரியும். கோத்தகிரியில டாக்டர் நரசிம்மன் 1958லயே நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்தை ஆரம்பிச்சாரு. கூடலூர்ல 1988ல ஆதிவாசி மக்கள் ஆயிரக்கணக்குல திரண்டு நிலத்துக்காக ஊர்வலம் போனாங்க, அதுக்கப்புறம் 1990ல தான் அஸ்வினி ஆதிவாசி ஆஸ்பத்திரி வந்துச்சு, ஊர் பொண்ணுங்களையே நர்ஸா பழக்கி எடுத்தாங்க, 1992ல ஆதிவாசி குடும்பங்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் போட்டாங்க. நம்ம மாநிலத்துல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009ல. கணக்கு போட்டுக்கோங்க.

சிக்கிள் செல் நோயை எடுத்துக்கோங்க. ரத்தத்துல சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற நோய், பரம்பரையா வர்றது, காய்ச்சல் வந்தாலோ குளிர் அடிச்சாலோ கை காலெல்லாம் உயிர் போற வலி வரும். இந்தியாவுலயே இதை முதல்ல கண்டுபிடிச்சு எழுதினது நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட தான், 1952ல. தேசிய அளவுல இதை ஒழிக்க ஒரு இயக்கம் ஆரம்பிச்சது 2023 ஜூலையில. நடுவுல இருக்கிற 71 வருஷத்துல பழங்குடி ஊரு ஊரா போய் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணி, யாருக்கு இருக்குன்னு எழுதி வெச்சு, ஃபோலிக் ஆசிட் மாத்திரை குடுத்து, கல்யாணம் பேசுறப்ப கூட உக்காந்து புரிய வெச்சதுல தொண்டு நிறுவன ஆளுங்களுக்கு பெரிய பங்கு இருக்கு. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனா அது வேற, இப்ப நடக்குறது வேற. அன்னிக்கு அவங்க சொந்தமா காசு திரட்டி சொந்தமா நடத்தினாங்க. இன்னிக்கு நீங்க பாதிக்கு மேல செய்யுறது அரசாங்கத்தோட வேலையை, அரசாங்க காசுல, அரசாங்க அக்ரிமென்ட்டுல. வண்டியில உங்க லோகோ ஒரு பக்கம், அரசு முத்திரை ஒரு பக்கம். ஸ்டாப்புல நிக்கிற மக்களுக்கு ரெண்டும் ஒண்ணு தான், அவங்களுக்கு அது "மருந்து வண்டி", அவ்ளோ தான்.

பிரச்சனை மார்ச் 31ல ஆரம்பிக்குது. இந்த தேதி உங்க ஆபீஸ்ல கூட்டுறவங்க வரைக்கும் தெரியும், ஆனா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அக்ரிமென்ட் ஒரு வருஷத்துக்கு தான். ரினியூவல் ஃபைல் மேல போகும், காசை எதுக்கு செலவழிச்சோம்னு குடுக்குற யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட்ல ஏதோ ஒரு கட்டம் தப்புன்னு திரும்பி வரும், மறுபடி போகும், தேர்தல் வருஷமா இருந்தா நடத்தை விதின்னு அப்படியே உக்காந்துக்கும். ஏப்ரல் ஒண்ணாம் தேதி காலையில எங்களுக்கு போன் வரும், "வண்டியை ஷெட்ல போட்டுருங்க, ஆர்டர் வந்ததும் சொல்றோம்"னு. டிரைவருக்கு சொன்னாங்க, நர்ஸுக்கு சொன்னாங்க, ஃபார்மசிஸ்ட்டுக்கு சொன்னாங்க. ஸ்டாப்புல நின்னுட்டு இருக்கிறவங்களுக்கு சொல்லணும்னு யாருக்குமே தோணல.

நான் வேலையை விட்டதுக்கு அப்புறம் ஒரு மே மாசம், எருமாடு ரோட்டுல ஜீப்புல சிமென்ட் ஏத்திட்டு போறேன், பஸ் ஸ்டாப்புல ஒரு பணியர் பழங்குடி பாட்டி கைய காட்டி நிறுத்தினாங்க. நான் இன்னும் வண்டி டிரைவர்னே நினைச்சுட்டு இருக்காங்க. "மோனே, வண்டி எப்ப வரும்"னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. மடியில இருந்து ஒரு துணி முடிச்சை அவுத்து காட்டினாங்க, உள்ள பிரஷர் மாத்திரை, அட்டையில இருந்து எடுத்து பாதி பாதியா ஒடச்சு வெச்சிருக்காங்க, சரி பாதியாவும் இல்ல, ஒண்ணு பெருசு ஒண்ணு துணுக்கு, பொடி உதிந்து துணியெல்லாம் வெள்ளையா ஒட்டியிருக்கு. தினம் ஒண்ணு போடவேண்டியதை பாதியாக்கி, அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, வண்டி வர்ற வரைக்கும் இழுத்துட்டு இருக்காங்க. கூட ஒரு பிளாஸ்டிக் கவர்ல அந்த நீல அட்டை நோட்டு, நம்ம நர்ஸ் கையெழுத்துல கடைசியா எழுதினது மார்ச் மாச ரீடிங்.

ஆரம்ப சுகாதார நிலையம், பி.எச்.சி. இருக்கே, அங்க போக வேண்டியது தானேன்னு கோயம்புத்தூர்ல உக்காந்து கேக்கலாம். பி.எச்.சி.க்கு போகணும்னா காலையில ஒரு பஸ், திரும்பி வர மத்தியானம் தான், ஒரு நாள் கூலி போச்சு, மழைக்காலத்துல பஸ்ஸே சந்தேகம், சாயங்காலம் ஆச்சுன்னா வழியில ஆனை. சரி, வீடு தேடி மாத்திரை குடுக்குற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து இருக்கே, அந்த அக்கா வரலியான்னு நானும் கேட்டேன். விசாரிச்சு பாத்தா பாட்டி பேரு அந்த லிஸ்ட்ல இல்ல. ஏன் இல்லன்னா, அந்த ஊரு "ட்ரஸ்ட் வண்டி கவர் பண்ற ஊரு", பாட்டி "வண்டி பேஷண்ட்". வண்டி இருக்குன்னு அவங்க சேக்கல, அக்ரிமென்ட் இல்லன்னு நீங்க வரல. ரெண்டு பேர் ரிப்போர்ட்லயும் அந்த ஊரு டிக் ஆகியிருக்கும், பாட்டி மட்டும் மாத்திரையை ஒடச்சுட்டு உக்காந்திருப்பாங்க.

நான் சொல்ல வந்த விஷயமே இது தான் சார். நீங்க நல்லவங்களா கெட்டவங்களாங்கிறது இல்ல பிரச்சனை. அரசாங்கம் வேலையை உங்க கையில குடுத்துட்டு பொறுப்பையும் கழட்டி விட்டுருது, நீங்க வேலையை மட்டும் வாங்கிக்கிட்டு பொறுப்பு அரசாங்கத்தோடதுன்னு விட்டுர்றீங்க. அந்த பொறுப்பு நடு ரோட்டுல கிடக்கு.

108 ஆம்புலன்ஸை எல்லாரும் கவர்மென்ட் வண்டின்னு தான் நினைக்கிறாங்க. 2008ல இருந்து நம்ம மாநிலத்துல அதை ஓட்டுறது இ.எம்.ஆர்.ஐ.ங்கிற லாப நோக்கம் இல்லாத நிறுவனம், ஒப்பந்தத்துல. பைலட்னு சொல்ற டிரைவரும் சரி, கூட வந்து முதலுதவி பண்ற இ.எம்.டி.யும் சரி, அரசு ஊழியர் கிடையாது, அவங்க சம்பளப் பிரச்சனை தனிக்கதை, அதுக்கு இன்னொரு லெட்டர் வேணும். ஆனா அக்ரிமென்ட் ரினியூ ஆகலன்னு 108 ஏப்ரல்ல நின்னு போச்சுன்னு நான் கேள்விப்பட்டதில்ல. ஏன்னா நின்னா மறுநாளே பேப்பர்ல வரும். குப்பையும் அப்படி தான். குன்னூர்ல நகராட்சியும் க்ளீன் குன்னூர் அமைப்பும் சேந்து ஒட்டுபட்டறை குப்பைக்கிடங்குல நல்ல வேலை பண்ணாங்க, அங்க ரெண்டு நாள் வேலை நின்னா ஊரே நாறும், கவுன்சிலர் வீட்டுக்கு போன் பறக்கும். பிரஷர் மாத்திரை நின்னா எந்த நாத்தமும் வராது. ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிட்டா தான் தெரியும், அப்பவும் "வயசாயிருச்சு"ன்னு சொல்லி முடிச்சுருவாங்க.

உங்க கஷ்டமும் எனக்கு தெரியும், ஆபீஸ்ல டீசல் பில் குடுக்க போறப்ப காதுல விழுந்தது தான். 2020ல எஃப்.சி.ஆர்.ஏ.ங்கிற வெளிநாட்டு நன்கொடை சட்டத்தை மாத்தினாங்க, ஒரு நிறுவனம் வாங்குற வெளிநாட்டு பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு குடுக்க கூடாதுன்னுட்டாங்க, நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் பண்ணலாம்னு இருந்ததை 20ஆ குறைச்சாங்க, பணம் வர்றதுக்கு டெல்லியில ஒரே ஒரு ஸ்டேட் பேங்க் கிளையில அக்கவுன்ட் இருக்கணும்னாங்க. பெரிய நிறுவனம் வாங்கி சின்னதுக்கு பிரிச்சு குடுத்துட்டு இருந்தது இதோட நின்னு போச்சு. மலையில இருக்கிற சின்ன ட்ரஸ்ட்டு எல்லாம் அந்த பிரிச்சு குடுக்கிற காசுல தான் ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம் சி.எஸ்.ஆர்.னு ஓடுனீங்க. 2013 கம்பெனி சட்டப்படி பெரிய கம்பெனிங்க சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவழிக்கணும், ஆனா அதே சட்டம் கம்பெனி இருக்கிற சுத்து வட்டாரத்துக்கு முன்னுரிமை குடுங்கன்னு சொல்லுது. சேரம்பாடியில எந்த கார் ஃபேக்டரி இருக்கு? நம்மகிட்ட இருக்கிறது தேயிலை ஃபேக்டரி தான், அதுல பாதி பச்சைத் தேயிலைக்கு விலை குடுக்கவே முக்கி முனகுது. அதனால கடைசியில அரசாங்க அக்ரிமென்ட் ஒண்ணு தான் மிச்சம், அதை விட்டா ஸ்டாஃபுக்கு சம்பளம் இல்ல.

இங்க தான் வாய் மூடிக்குது. துணை சுகாதார நிலையத்துல ஆறு மாசமா நர்ஸ் இல்லன்னு உங்க ஆளுங்களுக்கு தெரியும், தினம் அந்த வழியா தானே போறீங்க. காப்பகத்துல பிள்ளைங்களுக்கு பணம் லேட்டா வருதுன்னு தெரியும். ஆனா காலாண்டு ரிப்போர்ட்ல அது இருக்காது, அதுல இருக்கிறது எத்தனை கேம்ப், எத்தனை பேர் பயனடைந்தனர், நாலு ஃபோட்டோ. ஏன்னு கேட்டா, அதிகாரி கோவிச்சுக்குவாரு, அடுத்த வருஷம் வேற ட்ரஸ்ட்டுக்கு போயிரும். நியாயமான பயம் தான். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க, கூடலூர்ல முதல்ல நடந்தது நில ஊர்வலம், ஆஸ்பத்திரி அப்புறம் தான் வந்துச்சு. உரிமையை கேட்ட வாய் தான் மருந்தும் குடுத்துச்சு. மருந்து குடுக்கிறதுக்காக வாய மூடிக்கணும்னா அந்த வேலைக்கு டெண்டர் விட்டு ஒரு கம்பெனிகிட்ட குடுத்துட்டு போகலாமே, நீங்க எதுக்கு?

ஃபோட்டோ பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட முடியல. டிசம்பர் ஜனவரி உறைபனி சீசன்ல கம்பளி குடுக்க வர்றீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா வண்டி போற ரோட்டோரத்து ஊருக்கே நாலு ட்ரஸ்ட்டு குடுக்குது, உள்ள நடந்து போகவேண்டிய ஊருக்கு ஒண்ணும் போகல. குடுக்கிறப்ப பாட்டிய பேனருக்கு நேரா நிக்க வெச்சு, கம்பளியை கொஞ்சம் தூக்கி பிடிங்க பாட்டி லோகோ தெரியலன்னு சொன்னதை நான் என் கண்ணால பாத்தேன். குளிர்ல நிக்கிற கிழவிக்கு லோகோ எதுக்குங்க.

இப்ப ஊட்டியில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வந்துருச்சு, 700 படுக்கை, 2025 ஏப்ரல்ல முதல்வர் திறந்து வெச்சாரு. ரொம்ப வருஷ கனவு, வந்ததுல எங்களுக்கும் பெருமை தான். அது வந்துருச்சு, இனிமே வண்டியெல்லாம் எதுக்குன்னு சில பேர் பேச ஆரம்பிச்சிருக்காங்க. கூடலூர்ல இருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் மலைப்பாதை, பந்தலூர்ல இருந்து இன்னும் 20க்கு மேல, எங்க ஆளுங்க இன்னிக்கும் அவசரம்னா கேரளாவுல இருக்கிற சுல்தான் பத்தேரிக்கு தான் ஓடுறாங்க. பெரிய ஆஸ்பத்திரி பெரிய வியாதிக்கு. மாசா மாசம் பிரஷர் பாத்து மாத்திரை குடுக்கிறதுக்கு வாசல்ல வர்ற வண்டி வேணும். அதை அரசாங்கமே ஓட்டட்டும், இல்ல உங்ககிட்ட குடுக்கட்டும், எனக்கு ரெண்டும் ஒண்ணு தான், நிக்க கூடாது. அவ்ளோ தான்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. வண்டி நிக்கிற ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஒரு போர்டு வைங்க. என்ன சேவை, எந்த கிழமை, எத்தனை மணிக்கு, காசு யாரு குடுக்குறாங்க, அக்ரிமென்ட் எந்த தேதி வரைக்கும், வரலன்னா உங்க ஆபீஸ்ல யாரு நம்பர், அதுக்கு மேல எந்த அதிகாரி நம்பர். தமிழ்ல எழுதுங்க, எங்க பக்கம் மலையாளத்துலயும் எழுதுங்க. படிக்க தெரியாதவங்களுக்கு நர்ஸ் வாயால சொல்லட்டும். சிறு விவசாயி அஞ்சு கிலோ கொழுந்து போட்டா கூட எடை போட்டு சீட்டு குடுக்குறாங்க, உயிர் காக்குற மாத்திரைக்கு ஒரு போர்டு கூட இல்லன்னா எப்படி.

மார்ச் மாசம் வந்தா ரெண்டு மாச மாத்திரையை சேத்து குடுத்துருங்க. ஸ்டாக் இல்ல, ரூல் இல்லன்னு சொல்லுவீங்க, அந்த ரூலை மாத்த சொல்லி அக்ரிமென்ட் போடுறப்பவே கேளுங்க. வண்டி நிக்கப்போகுதுன்னா அந்த நீல நோட்டுல இருக்கிற பேரையெல்லாம் ஒரு லிஸ்ட் எடுத்து, கிராம சுகாதார நர்ஸ்கிட்டயும் மக்களைத் தேடி மருத்துவம் அக்காகிட்டயும் கையில குடுத்து கையெழுத்து வாங்குங்க. இது ஒரு நாள் வேலை. எல்லா ட்ரஸ்ட்டும் ஒண்ணா சேந்து போய் ஒரு வருஷ அக்ரிமென்ட் வேணாம், மூணு வருஷமா குடுங்கன்னு கேளுங்க. தனித்தனியா போறதால தான் உங்கள ஒருத்தர காட்டி இன்னொருத்தர மெரட்டுறாங்க.

அப்புறம் கணக்கு. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது, அதுல ஒரு தடவையாவது வந்து இவ்ளோ வாங்கினோம், இவ்ளோ செலவு, இத்தனை நாள் வண்டி வரல, இந்த காரணம்னு சொல்லுங்க. நெல்லியாளம், கூடலூர் நகராட்சி ஆச்சே, கிராம சபை இல்லியேன்னா, 2022ல இருந்து ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கு, அங்க வாங்க. நாங்க பிரைவேட் ட்ரஸ்ட், உங்களுக்கு கணக்கு காட்டணும்னு சட்டம் இல்லன்னு ஒரு நிர்வாகி ஒரு மீட்டிங்ல சொன்னாரு. சட்டம் இருக்கு சார். தகவல் உரிமைச் சட்டத்துல, அரசாங்க பணத்தை கணிசமா வாங்குற தொண்டு நிறுவனமும் பொது அதிகார அமைப்பு தான்னு 2005லயே எழுதி வெச்சிருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதை தெளிவா சொல்லிருச்சு. நாங்க மனு போட்டு கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொன்னா மரியாதையா இருக்கும்.

இதை படிச்சுட்டு என் பழைய ஆபீஸ்ல கோவப்படுவாங்கன்னு தெரியும். அக்கா, அண்ணா, கோவப்படுங்க, பரவால்ல, ஆனா கோவம் தீந்ததும் ஸ்டாப் லிஸ்ட்டை எடுங்க. எந்தெந்த ஸ்டாப்புல போர்டு வேணும்னு எனக்கு மனப்பாடமா தெரியும், தகரம் பெயின்ட்டு செலவு நான் போடுறேன், எங்க ஸ்டாண்டுல நம்பர் பிளேட்டு எழுதுற தம்பி ஒருத்தன் இருக்கான், தமிழும் மலையாளமும் அழகா எழுதுவான், அவன்கிட்ட பேசிட்டேன். உங்க பக்கம் இருந்து வேண்டியது அந்த ரெண்டு போன் நம்பரும், அக்ரிமென்ட் முடியுற தேதியும் தான். ஜனவரிக்குள்ள குடுத்தீங்கன்னா மார்ச்சுக்கு முன்னாடி எல்லா ஸ்டாப்புலயும் மாட்டிரலாம்.

இப்படிக்கு,
பழைய மருந்து வண்டி டிரைவர்,
பந்தலூர் ஜீப் ஸ்டாண்டு